சுவிட்ச் இல்லாத போர்டில் ஏழு அழுத்தல்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் பட்டறை வைத்திருந்த மாடிக்குச் சொந்தக்காரர் ஒரு நாள் மேலே வந்தார். எங்கள் கணினி ஒரே வாரத்தில் இரண்டு தடவை புகைந்திருந்த நேரம். "அமாவாசைக்கு ஒரு பூசணிக்கா ஒடச்சிடுங்க தம்பி, பேய்க்கும் பார் நோய்க்கும் பார்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். உங்கள் வீட்டு எர்த் கம்பி பூமிக்குள்ளேயே போகவில்லை, பூசணிக்காயை எந்த முனையில் இணைக்கட்டும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு வாய் அப்படி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு உங்களுக்கு என்னென்ன சந்தேகம் வருமோ அதையெல்லாம் நானே என்னிடம் கேட்டு, நானே என்னை மடக்கப் பார்த்து, தோற்றுப்போய்த்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது. நானும் அருள்ராஜும் சேர்ந்து யு.எஸ்.பி. போர்டுகள் செய்துகொண்டிருந்தோம், அதாவது கணினியில் வயரைச் செருகினால் வேலை செய்கிற சின்னச் சின்னக் கருவிகள். சிப்புக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது அவன், போர்டு வரைந்து சால்டர் வைப்பது நான். எனக்குப் புரோகிராம் அரைகுறை, அவன் சால்டரிங் அயர்னைத் தொட்டால் கையைச் சுட்டுக்கொள்வான், ஆகவே சண்டையில்லாமல் ஓடியது. நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான், பெண்ணாடம் பக்கத்தில் ஒரு எடைமேடைக்குச் செய்து கொடுத்தது. கரும்பு லாரி ஏறி நின்றதும் அங்கிருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார், எடை கணினிக்குப் போய்விடும். ஆனால் லோடு லாரி ஏறும்போது அந்த அறையே ஆடும், பொத்தானும் சேர்ந்து ஆடி, யாரும் அழுத்தாத எடையெல்லாம் பதிவாகிவிடும். அருள் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து புரோகிராமில் ஒரு ஃபில்டர் எழுதினான். நடுங்கிக்கொண்டு வருகிற அழுத்தல் எதுவானாலும் குப்பை, ஆடாமல் அசையாமல் அழுத்தினால்தான் அது மனிதன் அழுத்தியது. இவ்வளவுதான் அதன் சாரம். அருமையாக வேலை செய்தது.

அந்த வருஷம் ஜூலையில் அவன் பைக்கில் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்தான். தலையில் அடி. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு சிதம்பரத்தில் அவன் குடியிருந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள், வடக்கு வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் அந்த வீடு. கண் திறந்திருக்கும். பார்க்கிறானா என்று தெரியாது. பேச்சில்லை, அசைவில்லை, வலது கட்டைவிரல் மட்டும் எப்போதாவது லேசாகத் துடிக்கும். அது வெறும் நரம்புத் துடிப்பு, ஆளுக்கு உணர்வு இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வாரத்துக்கு ஒரு தடவை போவேன், கட்டில் பக்கத்தில் பத்து நிமிஷம் இருந்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். இந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது. எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவன் மனைவி பிலோமினாவுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. கிள்ளை என்கிற ஊர்க்காரப் பெண், நர்சரிப் பள்ளியில் டீச்சர், லீவு போட்டுவிட்டு அவனோடு இருந்தாள். சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது மாலையின் மறுமுனையை அவன் கையில் கொடுப்பாளாம். ஒரு நாள் மணியை அவள் நகர்த்தும்போதெல்லாம் அவன் கட்டைவிரலும் நகர்வதைப் பார்த்திருக்கிறாள். யாரும் நம்பவில்லை. அருளின் அண்ணன் சவரிமுத்து சென்னையில் இருந்தார், நல்ல மனிதர், தம்பி மேல் உயிர். அவர் சென்னைப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டார். இந்தப் பெண் தனியாக எத்தனை வருஷம் பார்ப்பாள், அங்கே போனால் படுத்த படுக்கைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் நியாயம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் பிலோமினா எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவருக்கு எல்லாம் கேக்குது. பெரியவரு முன்னால ஒரே ஒரு தடவ அதக் காட்டிட்டா போதும், அவர இங்கேர்ந்து யாரும் தூக்க மாட்டாங்க. அந்த வெரலு அழுத்துனா சத்தம் வர்ற மாதிரி எதனா செஞ்சி குடுங்கண்ணே."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சுலபமான வேலைதானே என்று நினைத்தேன். மயிலிறகு பட்டாலே அழுந்துகிற ஒரு சுவிட்ச், ஒரு சிப், ஒரு யு.எஸ்.பி. வயர். கணினி அதை ஒரு கீபோர்டு என்று நினைத்துக்கொள்ளும், ஒரே ஒரு ஸ்பேஸ் பொத்தான் மட்டும் இருக்கிற கீபோர்டு. அழுத்தினால் 'பீப்' என்று சத்தம். பழைய எடைமேடை புரோகிராமையே எடுத்து, எடை வருகிற பகுதியை வெட்டிவிட்டு, ஸ்பேஸ் அனுப்புகிற பகுதியைச் சேர்த்தேன். அங்கே ஆரம்பித்தது சனி.

வயரைச் செருகினால் கணினி திரை மூலையில் பலூன் மாதிரி ஒரு கட்டத்தைக் காட்டி, இது என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை என்றது. நாள் பூராவும் அதையே சொன்னது. இந்த யு.எஸ்.பி.யில் ஒரு தொல்லை உண்டு, அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பது எப்போதும் கணினிதான், செருகிய கருவி தானாக வாய் திறக்கக்கூடாது. நீ யார் என்று கேட்கும், உடனே பதில் சொல்ல வேண்டும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கவும் முடியாது, நிறுத்திய அந்த நொடியில் கணினி கேட்டுப் பார்த்துவிட்டு, ஆள் அவுட் என்று முடிவு கட்டிவிடும். நான் செய்த முட்டாள்தனமும் அதுதான். எங்கே தப்பு என்று பார்ப்பதற்காக நானே புரோகிராமில் அங்கங்கே எட்டிப்பார்க்கிற வரிகளைச் சேர்த்திருந்தேன், அந்த வரிகளால்தான் பதில் தாமதமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நண்பரிடம் ஒட்டுக்கேட்கிற பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கணினிக்கும் போர்டுக்கும் நடுவில் அதை மாட்டிவிட்டால் யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நேரத்தோடு வரி வரியாகத் திரையில் எழுதிக்கொண்டே போகும். எட்டிப்பார்க்கிற வரிகளை எடுத்தேன், கணினி போர்டை ஏற்றுக்கொண்டது.

அப்புறம் ஒரு மணி நேரம் சும்மா அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழகாக இருந்தது. அழுத்தினாயா என்று கணினி கேட்கிறது. இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்கிறது போர்டு. அழுத்தினாயா. இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஒரு நொடிக்கு நூறு தடவை, சலிக்காமல். 'ஒன்றும் இல்லை' என்பதும் ஒரு பதில்தான், ஆள் இருக்கிறேன், சொல்லத்தான் இன்னும் எதுவும் வரவில்லை என்று அர்த்தம். இது எனக்கு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது, ஏறியதும் அருளின் கட்டில் ஞாபகம் வந்தது. நாங்கள் யாரும் அவனிடம் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சிதம்பரம் போனேன். நான் அழுத்தினேன், பீப். பிலோமினா அழுத்தினாள், பீப். சுவிட்சை அருளின் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து டேப் ஒட்டினோம். கேட்டால் அழுத்துங்க என்று அவள் சொன்னாள். காத்திருந்தோம். விரல் துடித்தது, கண்ணால் பார்த்தேன், ஆனால் சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. விரல் துடிக்கும், கணினி கேட்கும், போர்டு ஒன்றும் இல்லை என்று சொல்லும்.

"அழுத்துறாருண்ணே" என்றாள் அவள். "என் வெரல அடியில வெச்சிப் பாத்தேன், எனக்குத் தெரியுது."

"சுவிட்சுக்குத் தெரியலியேம்மா" என்றேன் நான். சொல்லியிருக்கக்கூடாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றிவிட்டது, அதையும் மறைக்கவில்லை. சுவிட்சை அவன் விரலிலேயே விட்டுவிட்டு, போர்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடலூர் திரும்பினேன். அவன் கண் வழக்கம்போல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. நடுப்பகல், நன்றாக வெயில். நீங்கள் இருட்டை எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். கீழே கடைத்தெருவில் சத்தம் அடங்கி எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், நானும் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கரண்ட் போயிற்று, அந்தக் காலத்தில் தினமும் இரண்டு மணி நேரம் போகும். மின்விசிறி நின்றதும் மாடியே அமைதியாகிவிட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. போர்டு செருகியிருந்தது, நடுவில் ஒட்டுக்கேட்கிற பெட்டி, திரையில் அதன் வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு காலி நோட்பேட் பக்கம். சுவிட்ச் இல்லை. சுவிட்ச் சிதம்பரத்தில் இருக்கிறது. அது மாட்டவேண்டிய இரண்டு முனையும் காலி. அழுத்தினாயா, ஒன்றும் இல்லை, அழுத்தினாயா, ஒன்றும் இல்லை என்று வரிகள் மேலே ஊர்ந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே மேசையில் தலையைச் சாய்த்தேன்.

தூங்கினேனா என்று கேட்டால் தூங்கினேன் என்றும் சொல்லமுடியாது. கண்ணுக்குள் அந்த வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன, பிறகு அவை வரிகளாக இல்லை, பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே நகர்கிற பனைமரங்களாக இருந்தன. சிதம்பரம் போகிற வழியில் புதுச்சத்திரம் தாண்டி முட்லூர் பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்குமே, அந்த மாதிரி ஒரு வெளிச்சம். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. எனக்கு அவசரமும் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிதானமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை, அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அருளே என்னைத் திட்டுவான். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது தெரிந்தது. இறங்கியது தெரியவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

பீப் சத்தத்தில் கண் விழித்தேன். முதலில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. வலது கை மரத்துப்போய், அந்தக் கையின் ஆள்காட்டிவிரல் நுனி மட்டும் சூடாக இருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. கதவு நான் சாத்தியபடியே இருந்தது. நோட்பேடைப் பார்த்தேன், காலியாகத்தான் இருந்தது, பிறகுதான் கவனித்தேன், ஓரத்தில் நிற்கவேண்டிய கர்சர் கோடு பாதி வரிக்குத் தள்ளிப்போய் மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியாதே. ஆனால் அங்கே இருந்தது, நிறைய இருந்தது.

ஒட்டுக்கேட்கிற பெட்டியின் பதிவை மேலே ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, திடீரென்று: அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். நாலைந்து தடவை குட்டி குட்டியாக, ஒன்றுக்கொன்று ஒழுங்கே இல்லாமல், பிறகு அமைதி. அரை நிமிஷம் கழித்து மறுபடி அதே மாதிரி ஒரு கொத்து. எண்ணினேன், மொத்தம் ஏழு கொத்து. ஏழாவது கொத்தில்தான் நான் விழித்திருக்க வேண்டும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். காலி முனை ஆண்டெனா மாதிரி காற்றிலிருந்து எதையாவது பிடித்திருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் அந்த முனையைச் சிப்புக்குள்ளேயே கட்டிவைத்திருந்தேன், காற்றிலிருந்து எதையும் பிடிக்க வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் கரண்டே இல்லை. சரி, எப்படியோ பிடித்தது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அது கணினிக்குப் போயிருக்க முடியாது, ஏனென்றால் இப்படி நடுங்கி நடுங்கி வருகிற அழுத்தலை எங்கள் புரோகிராம் வெளியே விடவே விடாது.

இந்த வாக்கியத்தை நான் வாய்விட்டே சொன்னேன், தனியாக, அந்த மாடியில். நடுங்கி வந்தால் விடாது. சொல்லி முடித்ததும் புரோகிராமைத் திறந்தேன்.

அருளின் ஃபில்டர். லாரி ஆட்டத்துக்காக எழுதியது. எடையைத்தான் வெட்டினேனே தவிர ஃபில்டரை நான் எடுக்கவே இல்லை, அது இன்னும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, நடுங்குவது எதுவும் மனிதன் இல்லை என்று தள்ளிக்கொண்டிருந்தது. நேற்று ஒரு மணி நேரம் அவன் அழுத்தியிருக்கிறான், முடியாத விரலை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான், அவன் எழுதிய புரோகிராமே அவனைக் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, சுவிட்சுக்குத் தெரியவில்லையே என்று அவன் காதுபடச் சொன்னேன். அப்படியே மேசையில் முகத்தை வைத்து அழுதேன். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்றவன், அப்படி அழுதேன்.

சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதினேன். நடுக்கத்தைத் தள்ளாதே, நடுக்கம் தொடங்கினால் காத்திரு, அது அடங்கும்வரை வருவதெல்லாம் சேர்ந்து ஒரே அழுத்தல். அந்தக் கொத்துகளில் இருந்த இடைவெளியை அப்படியே எடுத்துத்தான் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு எந்த அளவும் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போவதற்குள் சவரிமுத்து அண்ணன் வந்துவிட்டார். வேன் சந்து முனையில் நின்றது. பிலோமினா துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் என் கையில் இருந்த போர்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "தம்பி, நீ அவன் மேல வெச்சிருக்க பாசம் எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பொண்ணுக்கு வீணா ஆசை காட்டாத."

"அஞ்சி நிமிஷம் குடுங்கண்ணே. அதுக்கப்புறம் நானே வேன்ல தூக்கி வெக்கிறேன்" என்றேன்.

செருகினேன். கணினி ஏற்றுக்கொண்டது. பிலோமினா கட்டிலண்டை மண்டியிட்டு அவன் காதில் சொன்னாள், "பெரியவரு வந்திருக்காரு. கேக்குதுன்னா ஒரு தடவ அழுத்துங்க."

ஒன்றும் இல்லை. பத்து நொடி, இருபது நொடி. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன். மறுபடி கேளும்மா என்றேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி கேட்கச் சொன்னேன். நாலாவது தடவை கேட்டு அவள் வாய் மூடுவதற்குள் பீப் என்றது.

அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டார், "டேய் அருளு. நம்ம கூடப்பொறந்தவங்க மொத்தம் எத்தன பேருடா?"

அவர்கள் நாலு பேர் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்று. நாலு. சரி, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அப்போது இன்னொரு பீப். ஐந்து. தப்பாகிவிட்டதே என்று நினைத்தேன். அண்ணனோ அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்கு ஒரு தங்கச்சி பிறந்து ஒன்பது நாள் இருந்து போயிருக்கிறது, யார் கேட்டாலும் அவர்கள் அம்மா மட்டும் எனக்கு அஞ்சு பிள்ளை என்றுதான் சொல்வார்களாம். பிலோமினாவுக்கே அது தெரியாது. அண்ணன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார், பிறகு எழுந்து போய் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். அன்று மத்தியானம் எல்லாரும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டோம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். ஒரு தடவை சிப் என்னமோ செய்தது, அதனால் ஒரு நல்லது நடந்தது என்று விட்டிருப்பேன். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் அதை மறுபடி வரவைக்கப் பார்த்தேன், அதே போர்டு, அதே பழைய புரோகிராம், கரண்ட் போன நேரம், ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குள் அவனுக்கு எழுத்து வைத்தோம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு போகும், வேண்டிய எழுத்து மின்னும்போது அவன் அழுத்த வேண்டும். ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். முதலில் பிலோமினாவுக்கு என்ன எழுதினானோ, அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. அவளுக்குப் பிறகு என் முறை வந்தது. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் எழுதினான், அந்தச் சனிக்கிழமை வந்தியே மச்சான், தேங்க்ஸ்.

"வெள்ளிக்கிழமடா" என்றேன்.

அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினான். சனி. பிலோ வீட்ல இல்ல. நீ கட்டில்ல உக்காந்து என் வெரல் மேல வெரல் வெச்ச. நான் ஏழு தடவ அழுத்துனேன். நீ எண்ணிக்கினு இருந்த.

ஏழு என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஃபில்டர் தப்பாக இருந்தது, சரிசெய்தேன் என்று மட்டும்தான் இவர்களிடம் சொல்லியிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், பிலோமினா சமையலறை வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் ரேஷனுக்குப் போனேண்ணே" என்றாள், மெதுவாக. "வெளிய பூட்டிட்டுதான் போனேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சி."

அதற்குள் எழுத்துகள் மறுபடி மின்ன ஆரம்பித்திருந்தன. இப்பவும் மத்தியானத்துல வர்றியே, என்று எழுதினான். ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்குற?

அது நான் இல்லை மச்சான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிலோமினா வெளியே போனால் தனியாகப் படுத்திருக்கிறவன், ஒருத்தன் வந்து கூட உட்கார்ந்துவிட்டுப் போகிறான் என்று சந்தோஷமாக இருக்கிறான், அதைக் கெடுக்க நான் யார்? "அடுத்த தடவ பேசுறண்டா" என்றேன். வருஷக்கணக்காக அவன் அதையே கேட்பான், நானும் அதையே சொல்வேன், எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மட்டும் மத்தியானத்தில் கண் அசந்தால் பயம். அசந்து எழுந்த அன்று சிதம்பரத்துக்குப் போன் செய்யமாட்டேன்.

போன வாரம் போயிருந்தேன். அருள் நன்றாக இருக்கிறான், வாயின் இடது ஓரத்தால் இப்போது சிரிக்கிறான். நான் உட்கார்ந்ததும் எழுத ஆரம்பித்தான், நானும் வழக்கமான கேள்விதான் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒரு வழியா நேத்து பேசிட்ட மச்சான், என்று இருந்தது. ரொம்ப நேரம் பேசுன.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நேற்று நான் என்ன பேசினேன் என்று நான் கேட்கவில்லை.